கவர் கொடுத்தது யார்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்று எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியதில் பாதியை விமானம் தின்றுவிட்டது. மீதிப் பாதியை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இருமலைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே என்ன பேசுவது? அதனால் இனிமேல் விஷயமுள்ளதை எழுதிவிடுகிறேன். நீயும் எழுது, சோம்பல் படாதே.

விஷயம் இதுதான். நம் தெருவுக்குப் பின்னால் விமான நிலையத்து மதில் இருக்கிறதல்லவா, அதற்கு அந்தப்பக்கம் சும்மா கிடந்த இடத்தில் இப்போது எஞ்சின் ஓட்டிப் பார்க்கிறார்கள். பழுது பார்த்த விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, நகரவிடாமல் முழு வேகத்தில் எஞ்சினை ஓட்டுகிறார்கள். மேலே பறக்கிற விமானமாவது போய்த் தொலைகிறது. இது நின்ற இடத்திலேயே நின்று நம் வீட்டைப் பார்த்து ஊதுகிறது. ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கரியாகிறது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் மண்ணெண்ணெய் வாடை.

நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். தெருவில் யாருக்கு மூச்சு இழுக்கிறது என்று டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இன்ஹேலர் விற்பனையில் எங்கள் கடைதான் முதலிடமாம். கம்பெனிக்காரர் வந்து முதலாளிக்குச் சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்துவிட்டுப் போனார். அதை எங்கே மாட்டலாம் என்று முதலாளி என்னிடமே யோசனை கேட்கிறார். வயிறு எரிகிறது.

ஒரு வருஷம் தெருவே அலையாய் அலைந்ததில், மாசு வாரியம் கடைசியில் ஒரு பெட்டியைக் கண்ணில் காட்டியிருக்கிறது. காற்றை உறிஞ்சி அதில் எவ்வளவு புகை என்று அளக்கும் பெட்டி. மூன்று மாதம் அளப்பார்கள். அளவு மோசமாக வந்தால், எஞ்சின் ஓட்டுவதை ஓடுபாதையின் மறுகோடிக்கு மாற்றியாக வேண்டும். அங்கே வீடுகள் கிடையாது. அளவு நன்றாக வந்தால் இங்கேயே நிரந்தரமாகக் கட்டடம் எழுப்பிவிடுவார்கள். எல்லாம் இப்போது பெட்டியின் கையில். அதை நம் வீட்டு மொட்டை மாடியில்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. குஷன் கடையை மூடிய பிறகு அவர் முகத்தில் இப்படி ஒரு களையை நான் பார்த்ததே இல்லை. "கவர்மென்ட் நம்மள நம்பி ஒரு மெஷினைக் குடுத்திருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். உனக்குத் தெரியாததா, மெஷின் என்றால் அவருக்கு உயிர். நம் வீட்டில் மிக்சிக்கு உறை, டிவிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, இஸ்திரிப் பெட்டிக்குக்கூட உறை. ஆனால் மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வாரம் ஒருமுறை பெட்டிக்காரர் வந்து வடிதாளை மாற்றிவிட்டு அளவைக் குறித்துக்கொண்டு போவார். நாற்பது வயதிருக்கும், ஒப்பந்த வேலைதான், ஆனால் மரியாதையான மனிதர்.

உன் மாமா வழக்கம்போல், "கத்தி என்ன ஆகப்போகுது" என்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குகிறார். நீ வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதினால் நீ சிரிப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன்.

பெட்டி வந்தது பெரிய விஷயம் அக்கா. இனி அவர்கள் நம் காதில் பூ சுற்ற முடியாது. ஆனால் நீ ஒரு வேலை செய். அளவு வர வர எனக்கு எழுதி அனுப்பு. சராசரி மட்டும் போதாது, மணிவாரியாக வேண்டும். தண்ணீர் சுத்திகரிக்கிற இடத்தில் நாள் முழுக்க மீட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். அளவு ஏறி இறங்குவதைப் பார்த்தாலே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பா எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று எழுது. மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவர் பொய் சொல்வார். இங்கே என்னுடன் வந்து இருக்கச் சொல்லிப் பார்த்தாயா? எனக்கு இருப்பது ஒரே அறைதான், ஆனால் ஜன்னலைத் திறந்தால் காற்று வரும்.

பிரியமுள்ள தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது.

அளவு வந்துவிட்டது. வாரியம் அதைத் தெருமுனையில் ஒட்டியிருக்கிறது. முதல் வாரம்: நன்று. இரண்டாம் வாரம்: நன்று. மூன்றாம் வாரம்: மிக நன்று. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். எதிர்வீட்டு டீச்சர் பக்கத்தில் நின்று படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த நேரத்தில்கூட மதிலுக்குப் பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'மிக நன்று' என்ற எழுத்தின் மேலேயே புகை வந்து படிகிறது, யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

விமான நிலையத்துப் பொதுத் தொடர்பு அதிகாரி சிரித்த முகத்தோடு வந்து, "பாருங்க, நீங்க பயந்த மாதிரி ஒண்ணுமில்ல" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். நம் வீட்டு வாசலில் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா இருமிக்கொண்டிருந்தார். அவர் இருமல் அடங்கட்டும் என்று அந்த மனிதர் பண்பாகக் காத்திருந்து, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மணிவாரி அளவைப் பெட்டிக்காரரிடம் கேட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அப்பா மூன்று தலையணை. உன்னிடம் வரமாட்டாராம். பெட்டி இருக்கும்வரை வீட்டை விட்டு நகர முடியாதாம், பொறுப்பாம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 16

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

நீ அனுப்பிய அளவைப் பார்த்தேன். பகலும் இரவும் ஒரே எண். எஞ்சின் ஓடும்போதும் அதே எண், ஓடாதபோதும் அதே எண். ஏறவே இல்லை, இறங்கவே இல்லை. காற்று என்றால் அப்படி இருக்காது அக்கா. கதவைப் பூட்டிய அறைக்குள்தான் அப்படி இருக்கும். தெருவில் யாராவது குப்பை கொளுத்தினால்கூட அளவு ஒரு குதி குதித்திருக்க வேண்டும்.

இதில் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது. பெட்டியைத் தொடுகிற ஒரே ஆள் அந்தப் பெட்டிக்காரர்தான். நல்லவர், மரியாதையானவர் என்று நீ எழுதியபோதே எனக்குச் சுருக்கென்றது. நிச்சயமாக எவனோ கவர் கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கவர் கொடுத்தது யார் என்று மட்டும் மெதுவாக விசாரி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு இது தெரிய வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். நீ நலமா? உனக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா?

பெட்டிக்காரர் நீ நினைப்பது போன்ற ஆள் இல்லை. அந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடு. இந்த வாரம் அளவு ஏறியிருக்கிறது, நன்றாகவே ஏறியிருக்கிறது. எஞ்சின் ஓடுகிற நேரத்தில் நீ சொன்ன மாதிரியே குதிக்கிறது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக இரு.

அப்பா நலம். கடையில் கூட்டம், பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டது. நீதான் என்னை விடவில்லை.

நான் ஒன்று கேட்டால் நீ சளியைப் பற்றி எழுதுகிறாய். ஏழு வாரம் படுத்துக் கிடந்த அளவு திடீரென்று எழுந்து குதிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? யாரோ விசாரிப்பது தெரிந்து பயந்து, செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்கள். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நீ வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்தால் உன்னை யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மாமா பயந்து உன்னை அடக்கிவிட்டாரா?

நீ பயப்படு, நான் பயப்பட மாட்டேன். வாரியத் தலைவருக்கு நேரடியாகப் புகார் எழுதிவிட்டேன். முதல் ஏழு வாரம் அளவில் மோசடி, பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் கவர் வாங்கியிருக்கிறார், உடனே விசாரிக்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் போட்டாயிற்று. தெருப் பெயரும் வீட்டு எண்ணும் கொடுத்திருக்கிறேன். இனி அவர்கள் தப்ப முடியாது.

அப்பாவிடம் சொல்லலாம் என்றால் சொல். சந்தோஷப்படுவார்.

தம்பி


ஏப்ரல் 23

தம்பி,

நீ நன்றாக இரு. வேறென்ன சொல்ல? உன் மேல் வருகிற கோபத்தில் பேனா பேப்பரைக் கிழிக்கிறது.

கவர் கொடுத்தது யார் என்று கேட்டாயே, சொல்கிறேன் கேள். அப்பா.

அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாய். அதை முதலில் எழுதியிருக்கக் கூடாதா? உன் கடிதம் வந்தால் நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், அதுதானே வழக்கம். பெட்டிக்காரரைப் பற்றி நீ திட்டியிருந்ததை விழுங்கிவிட்டு, தாண்டித் தாண்டித்தான் படித்துக்கொண்டு வந்தேன். 'கவர் கொடுத்தது யார்' என்பது மட்டும் வாய் தவறி வந்துவிட்டது.

அப்பா கண்ணைத் திறந்தார். "நான்தான். அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா சொல்றீங்க?"

"கவர்தானே கேக்குறான்? நான்தான் தெச்சுப் போட்டேன். அங்க உக்காந்துக்கிட்டே கண்டுபிடிச்சிட்டான் பாரு. என் ரத்தம்ல."

நீ கேட்டது காசு வைத்துக் கொடுக்கிற கவரை. அவர் சொன்னது தைத்துப் போடுகிற கவரை. அவரே எழுந்து என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். படிக்குப் படி நின்று நின்றுதான் ஏறினார். நான் கடைக்குப் போன பிறகு, உன் மாமாவும் வேலைக்குப் போன பிறகு, கவர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இப்படித்தான் தினமும் ஏறி இறங்கியிருக்கிறார். ஏறக்கூடாது என்று நான் கத்துவேன் என்பதால் மூச்சுவிடவில்லை. பெட்டி வந்த மறுநாளே அளவெடுத்து, கடையில் மிச்சமிருந்த வெள்ளை ரெக்சினில் உள்ளே இரட்டைத் துணி கொடுத்துத் தைத்திருக்கிறார். ஓரத்துக்கு பைப்பிங். அடியில் எலாஸ்டிக். பெட்டி சூடாகிவிடுமே என்று கீழே மட்டும் கொஞ்சம் காற்றுக்கு வழி. எண் தெரிகிற இடத்தில் பிளாஸ்டிக்கில் சின்ன ஜன்னல். நேரில் பார்த்தால் நீ கையெடுத்துக் கும்பிடுவாய், அவ்வளவு லட்சணமான வேலை. காற்றை உறிஞ்சுகிற வாயைத்தான் நன்றாக, ஒரு பிசிறு இல்லாமல் மூடியிருந்தது.

"எதுக்குப்பா?" என்றேன். "இவ்வளவு புகை அடிக்கிற எடத்துல மெஷினைத் தெறந்து போட்டா ரெண்டு மாசத்துல பாழாயிடாதா? நாளைக்கு வந்து கேட்டா நாமல்ல பதில் சொல்லணும்?" என்றார்.

பெட்டிக்காரர் எப்படிப் பார்க்காமல் இருந்தார் என்று கேட்பாய். அவர் வருகிற நாளில் அப்பா கவரைக் கழற்றி மடித்து வைத்துவிடுவார். பொருளுக்குச் சொந்தக்காரர் வரும்போது மூடி வைத்திருப்பது மரியாதையா? வந்தவரும், மற்ற இடத்திலெல்லாம் பெட்டி கரியேறிக் கிடக்கிறது, உங்கள் வீட்டில் புதுசு போல இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார். பாராட்டு வாங்கிய மனிதர் அடுத்த வாரம் இன்னும் இறுக்கி மூடியிருக்கிறார்.

இதை உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நீ போன் போட்டு அப்பாவைக் கத்துவாய் என்று எழுதவில்லை. அதோடு எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கவரைக் கழற்றிவிட்டேன், மீதி வாரங்களாவது உண்மையைப் பேசட்டும், பாதிக் காலம் மோசமாக வந்தாலும் தெருவுக்கு ஒரு பிடி கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேசவும் ஆரம்பித்தது. தெருவே சந்தோஷப்பட்டது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

உன் பதிவுத் தபால் போய்ச் சேர்ந்தது. மோசடி என்று புகார் வந்துவிட்டதால் அளப்பதை நிறுத்திவிட்டார்கள். நேற்று இரண்டு பேர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டிக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்திருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை, "நான் யார்கிட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்லையே மேடம்" என்று மட்டும் சொன்னார். நம் வீட்டில் வாரா வாரம் குடித்திருக்கிறார், அதுகூட அவருக்கு நினைவில்லை.

நான் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதே. நானும் ஒரு வரி எழுதியிருக்கலாம். நீயும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். அக்கா உனக்கு எழுதியதை எனக்குக் காட்டவில்லை. ஆனால் அவள் அழுத சத்தம் கேட்டது. கேட்டு முழுவதும் தெரிந்துகொண்டேன்.

அளக்கிற பெட்டியின் வாயை மூடினால் அளவு வராது என்பது எனக்குத் தோன்றவில்லை. கார் சீட்டுக்குக் கவர் போட்டால் சீட் வேலை செய்யாமல் போவதில்லை. இதுவும் அப்படி என்று நினைத்துவிட்டேன். என்னை அதற்காகத் திட்டுவதென்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அக்காவைத் திட்டாதே.

விசாரணை மே பதினெட்டாம் தேதி. நான் போய் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். சொன்னால் தெருவுக்குக் கெடுதல், நம்ம பக்கம்தான் தப்பு என்று ஆகிவிடும், சும்மா இருங்கள் என்று மாப்பிள்ளை சொல்கிறார். தெருக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். எனக்குப் புரியாமல் இல்லை. மூச்சு இழுப்பது எனக்குத்தானே. ஆனால் அந்தப் பெட்டிக்காரருக்கு இரண்டு பிள்ளைகள். நான் தைத்த கவருக்காக இன்னொருவர் பிழைப்புப் போவது எனக்குச் சம்மதமில்லை.

நீ புகாரை வாபஸ் வாங்கி எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவையும் உன்னையும் எந்த முகத்தோடு நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. புகாரை வாபஸ் வாங்கி எழுதிவிட்டேன். பெட்டிக்காரருக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அவர் கையில் கொடுத்துவிடு. அவசரக்குடுக்கை என்று சின்ன வயதில் நீ கூப்பிடுவாய், இப்போதும் கூப்பிடு.

ஆனால் அக்கா, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அந்தக் கவர் எங்கே? பத்திரமாக இருக்கிறதா? பெட்டிக்குள் போகாத புகை முழுவதும் அதன் மேல்தானே படிந்திருக்கும்? வெள்ளை ரெக்சின் என்று எழுதியிருந்தாய். வெளிப்பக்கம் எப்படி இருக்கிறது, உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார். ஏழு வாரப் புகை அதில் இருக்கிறது. பெட்டி சொல்லாததை அது சொல்லும். அதைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் எஞ்சின் புகைதான் என்று நிரூபிக்க முடியும். எங்கள் ஆய்வகத்தில் கேட்டேன், முடியும் என்கிறார்கள்.

விசாரணைக்கு அதைக் கொண்டுபோ. அதிகாரிகள் மேஜையில் விரித்துப் போடு. தொடாதே, தட்டாதே, துடைக்காதே. தெரு இழந்ததெல்லாம் அதில் திரும்பக் கிடைக்கும்.

தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு நாளாகச் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வருகிறது. உன் மாமா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்.

கவரைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். உள்பக்கம் பால் மாதிரி வெள்ளை. வெளிப்பக்கம் அடுப்படிச் சுவர் மாதிரி கறுப்பு, தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். தெருவில் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா மேல் கோபமாக இருந்தவர்கள்கூட அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். நான் அதைப் பழைய பேப்பரில் சுற்றி, பையில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று பீரோ மேல் வைத்தேன்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள், விமான நிலையத்திலிருந்து இரண்டு பேர், ஒரு மூலையில் பெட்டிக்காரர். அப்பாவின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார். "நான்தான் சார் கவர் போட்டேன்" என்றார்.

"யாருக்குப் போட்டீங்க?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

"பெட்டிக்கு சார்."

அறையே சிரித்தது. பெட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நிறுத்தி நிறுத்தி, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, முழுவதையும் சொன்னார். அந்த மனிதர் பேரில் ஒரு தப்பும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார்.

பிறகு என் முறை. நான் பையைத் திறந்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி கவரை எடுத்து மேஜையில் விரித்தேன்.

பளபளவென்று வெள்ளை. கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஆபீசுக்குக் கொண்டுபோறது, அவ்வளவு அழுக்கா எப்படிம்மா நீட்டுறது? நான் தெச்சதுல்ல" என்றார். முந்தின நாள் மத்தியானம் நான் கடையில் இருந்தபோது, சோப்புப் போட்டு, பிரஷ் வைத்து, உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். அவ்வளவு நேரம் குனிந்து தேய்க்க அவருக்கு மூச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதை ஏன் கொண்டுபோகிறோம் என்று தெருவுக்கெல்லாம் விளக்கிய நான், அவரிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இது கறுப்பாக இருந்தது, தெருவே பார்த்தது என்று நான் சொல்லிப் பார்த்தேன். விமான நிலையத்துக்காரர் சிரிக்கவில்லை, அதுவரை பாராட்ட வேண்டும். அதிகாரி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பைப்பிங்கைத் தடவிப் பார்த்தார். "நல்லாத் தெச்சிருக்கீங்க பெரியவரே. நம்ம வண்டிக்கு ஒண்ணு தெச்சுத் தருவீங்களா?" என்றார். அப்பா என்ன வண்டி என்று கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அங்கேயே அடிக்கவும் தோன்றியது.

தீர்ப்பு இதுதான். பெட்டிக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அளந்தது மொத்தமும் செல்லாது, கவர் கழற்றிய பிறகு வந்ததும் சேர்த்து. நிதி வந்ததும் அடுத்த வருஷம் மறுபடி அளப்பார்கள். அதுவரை இப்போது இருப்பது இருக்கிறபடியே தொடரும். அதாவது எஞ்சின் ஓடும்.

வெளியே வந்ததும் பெட்டிக்காரர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். வீடு வரும்வரை வண்டியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வகத்துக்காரரிடம் சோதனை வேண்டாம் என்று சொல்லப் போனேன். ஏன் என்று கேட்டார். துவைத்துவிட்டார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

சரி, போனது போகட்டும். அடுத்த வருஷம் பெட்டி வரும்போது நான் இருக்கிறேன். ஒரு நாள் லீவுகூட எடுக்காமல் சேர்த்துவைக்கிறேன், மூன்று மாதமும் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுகிறேன். மாடியிலேயே பாய் விரித்துப் படுக்கிறேன். காக்கா வந்து பெட்டி மேல் உட்கார்ந்தால்கூட விரட்டுவேன். இந்தத் தடவை விடுவதாக இல்லை. எப்போது பெட்டி வருகிறது என்று பெட்டிக்காரரிடம் விசாரித்து எழுது, அதற்கு ஏற்ற மாதிரி லீவு போடுகிறேன்.

பிரியமுள்ள தம்பி


ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

பெட்டிக்காரரிடம் விசாரித்தேன். அடுத்த வருஷம் என்பது பேப்பரில் எழுதியது, அதற்கடுத்த வருஷம்கூட ஆகலாம் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அவர் இப்போது வாரா வாரம் சும்மா வருகிறார். அளப்பதற்கு ஒன்றுமில்லை, அப்பாவைப் பார்க்கத்தான் வருகிறார். அப்பா அவரிடம் முன்போல் பேசுவதில்லை. இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மூன்றாவது வார்த்தைக்குக் கையைக் காட்டுகிறார், அவர் புரிந்துகொள்கிறார். தலையணை கணக்கு கேட்டிருந்தாயே, இப்போது தலையணையே வேண்டாம் என்று நாற்காலியிலேயே இருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். நேற்று டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதிலுக்குப் பின்னால் எஞ்சின் ஓடுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன், வாடை வந்துகொண்டுதான் இருக்கிறது.

லீவைச் சேர்த்துவைக்காதே. பெட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீ அப்பாவைப் பார்க்க வா.

அக்கா